எட்டு மணித்தியால நீலப் புள்ளி

சென்ற கிழமை ஒரு காலை, தேத்தண்ணியும் கையுமாக இருந்தபோது என் போன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. நான் போய் வந்த இடங்களையெல்லாம் அது இவ்வளவு காலமும் குறித்து வைத்திருந்ததாம். அந்தப் பழைய பயணங்களை வைத்திருப்பதா, அழித்துவிடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். இந்த வயதில் இவ்வளவு மரியாதையாக என்னிடம் அனுமதி கேட்பவர்கள் குறைவு. என் மனைவி வசந்தி, நான் ஆசையாக வைத்திருந்த சேட்டுகளைக் கேட்காமலே தானம் செய்துவிட்டு, பிறகுதான் தகவல் தருவாள்.

அழிக்க முன்னர் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று திறந்தேன். பெரும்பாலும் ஒரே கோடுதான். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு. மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரி. ஓய்வுபெற்றவனின் வாழ்க்கையை ஆகாயத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான்போல. அப்படியே பின்னுக்குப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு சனிக்கிழமையில் விரல் நின்றுவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், பூனை கையில் அகப்பட்ட நூல் பந்து மாதிரி ஒரே சிக்கல். கீழே போய், மேலே வந்து, பக்கத்து ஒழுங்கைக்குள் நுழைந்து, பழையபடி கீழே போய்... இரண்டே கால் மணித்தியாலம் அலைந்திருக்கிறேன். வரைபடத்தில் மொத்தச் சிக்கலையும் கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

அந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மிளகாய் மில்லில் இருந்து தொடங்க வேண்டும்.

நான் வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த புதிதில், கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தேன். கீழே மிளகாய்த்தூள் அரைக்கும் மில். மேலே இரண்டு கட்டில், ஒரு யன்னல், நான், குலம். குலசிங்கம் என்பது முழுப்பெயர். எனக்குத் தூரத்து உறவில் மச்சான். அறைக்கு வந்து ஒரு மாதத்தில் அந்தத் தூரம் காணாமல் போய்விட்டது. மில் ஓடுகிற நேரம் தெருவுக்குள் கால் வைத்தாலே மூக்கு அரிக்கத் தொடங்கும். முதல் தும்மல் சந்தியில், இரண்டாவது கோயிலடியில், மூன்றாவது வந்தால் எங்கள் படிக்கட்டு. நம்புங்கள், நான் அப்படித்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மில் பூட்டு. இரண்டு ஞாயிறுகளில் பக்கத்துக் கட்டடத்தின் படியேறி, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறேன். இரண்டாவது தடவை அவர்கள் எனக்கும் ஒரு சோற்றுக் கோப்பை வைத்தார்கள்.

“எல்லாருக்கும் கண்ணில இருக்கிற சாமான் உனக்கு மூக்கில இருக்கு மச்சான்” என்பான் குலம்.

பகிடி என்னவென்றால் என் உத்தியோகம். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் எழுதுவினைஞர். ஒரு தேயிலைப் பெட்டி ரொட்டர்டாமுக்கு எந்தெந்தத் துறைமுகம் வழியாகப் போகும், எங்கே கப்பல் மாறும், எத்தனையாம் நாள் இறங்கும் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதே ஆள் பொரளைக்குப் போகப் புறப்பட்டு கிராண்ட்பாஸில் இறங்கியிருக்கிறேன். வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி, இறங்குவது இங்கேயா அங்கேயா என்று யோசித்து யோசித்து, விமான நிலையம் இருக்கிற இரத்மலானை வரைக்கும் போய்விட்டேன். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தபோதுதான் சங்கதி விளங்கியது. தேயிலைப் பெட்டிக்கு முகத்தில் விலாசம் ஒட்டியிருக்கும், எனக்கு அந்த வசதி இல்லை.

வழி கேட்டுப் பழகியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அது வேறு கொழும்பு. இப்போது ஆட்கள் தோசை சாப்பிடும் கடையைக்கூடப் போன் வரைபடத்தில் ஊசி குத்தி உலகத்துக்கு அறிவிக்கிறார்கள். எங்கள் காலத்தில், யுத்த காலத்தில், ஒரு தமிழ் ஆள் தான் இருக்கிற இடத்தைச் சொல்வதென்றால் பல்லுப் பிடுங்குகிற மாதிரி. “எங்கை இருக்கிறியள்?” என்றால் “இஞ்சதான்.” “எங்கை போறியள்?” என்றால் “உங்கதான்.” விலாசத்தை எழுதிக் கொடுப்பது இன்னும் மோசம். சோதனைச் சாவடியில் உங்கள் சட்டைப் பையில் இருந்து இன்னொருவரின் விலாசம் எடுபட்டால் இரண்டு பேரும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதனால் எல்லாம் வாய்மொழிதான், அதுவும் அரைவாசி. மீதியை வருகிறவர் தன் சாமர்த்தியத்தால் நிரப்பிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் மட்டும் தரப்படவில்லை.

குலம் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை பார்த்தான். என்னை முந்திக்கொண்டு கலியாணம் கட்டி, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வாடகைக்குக் குடிபோனான். எந்த ஒழுங்கை என்று இங்கேயும் சொல்ல மாட்டேன். பழைய பழக்கம், விடாது. வெள்ளவத்தையில் திசைகள் இரண்டுதான்: கடல் பக்கம், கடலில்லாத பக்கம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள். ஒரே மதில், ஒரே செவ்வரத்தை, கடைசியில் ஒரே ரயில் பாதை. எல்லாவற்றிலும் கடல் மணக்கும், எல்லாவற்றிலும் யாரோ வடை பொரிப்பார்கள். என் மூக்குக்கு அங்கே உத்தியோகமே இல்லை.

போகும்போது குலம் எனக்கு வழி சொன்னான். “கடைசி மட்டும் வா. கடல் மணக்கும். கறுத்தக் கேற். கண்டுபிடிப்பாய்.”

ஒன்றரை வருடமாக நான் கண்டுபிடிக்கப் புறப்படவேயில்லை. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிறுகளில் அவன்தான் கொட்டாஞ்சேனைக்கு வருவான். அப்புறம் எனக்கும் வசந்திக்கும் கலியாணம் பொருந்தியது. என் கலியாணத்தன்று மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது தான்தான் என்று குலம் அறையில் இருந்த காலத்திலேயே உரிமை எழுதி வைத்திருந்தான். “வாற ஆக்களின்ர முகத்தைப் பாத்துத் தெளிப்பன். உன்ர மனேச்சருக்குக் கண்ணுக்கை” என்பான்.

எங்கள் ஆட்களிடையே கலியாணம் சொல்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே இருந்து, தேத்தண்ணி குடித்து, புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லி, அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும். தெருவில் கண்டு சொன்னால் அது சொன்னதாகாது. தபாலில் போட்டால் வராதே என்று சொன்னதற்குச் சமம். இதைவிட நுணுக்கமான ஒரு விதியும் உண்டு: நெருங்கினவர்களிடம் வீடு எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால், இத்தனை நாளும் உன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று நீங்களே வாயால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நான் கேட்கவில்லை. ஒரு பின்னேரம் அட்டையோடு வெள்ளவத்தைக்குப் போய், ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கி, கடல் மணத்தைப் பிடித்துக்கொண்டு கறுத்தக் கேற் தேடினேன். கறுத்தக் கேற்றுகள் ஒன்பது இருந்தன. நாலைத் தட்டினேன். ஒரு வீட்டில் என் அடையாள அட்டையைக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் யன்னலை மட்டும் திறந்து, குலசிங்கம் என்று ஒருவரும் இங்கே இல்லை என்று, நான் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே சொன்னார்கள். காலில் செருப்பு அறுந்தது. திரும்பிவிட்டேன். கலியாணத்துக்கு நாலு நாள் இருந்தது. வெட்கத்தில் மூளை மங்கி, நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்: அந்த அட்டையை அவனுடைய கந்தோர் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினேன்.

குலம் வரவில்லை. மண்டபத்து வேலையாள் ஒருவர் பன்னீர்ச் செம்போடு நின்று, எவர் முகத்தையும் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரித் தெளித்துக்கொண்டிருந்தார். மணவறையில் இருந்தபடி நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாக வசந்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். தேடித்தான் பார்த்தேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். பதிலும் ஆள் மூலம் வந்தது. “ரொட்டர்டாமுக்குக் கப்பல் அனுப்புறவருக்கு வெள்ளவத்தை தெரியேல்லையாமோ? வேற ஆரையும் பேய்க்காட்டச் சொல்லு.” அதன் பிறகு பொரளையில் ஒரு செத்த வீட்டில் கண்டேன். நான் கிட்டப் போக, அவன் மழை வருமா என்று வானத்தை ஆராயத் தொடங்கினான். அப்படியே இருபத்தேழு வருடம் போய்விட்டது. எத்தனையோ சங்கதிகளுக்கு நான் வருந்தியதில்லை. இதற்கு வருந்தினேன்.

இந்த இடத்தில்தான் போன் கதைக்குள் வருகிறது.

மகள் எனக்கு ஒரு புதுப் போனைத் தந்து, அதில் வரைபடம் பார்க்கும் வித்தையைக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குப் போனாள். நான் இருக்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. ஆயுளில் முதல் தடவையாக, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அந்தச் சந்தோசத்தில் நாள் முழுக்க அறைக்கு அறை நடந்து புள்ளி நகர்கிறதா என்று பார்த்தேன். அது குசினிக்கு வர மறுத்தது.

சலூனில் காத்திருந்த ஒரு நாள் போன் “உங்கள் வீடு எது?” என்று கேட்டது. இப்போது இருக்கும் இடமா என்று ஒரு பெட்டி காட்டியது. சரி என்று அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து எங்கே போய் “வீடு” என்று அழுத்தினாலும் அது என்னைச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. மாற்றத் தெரியாமல் ஆறு மாதம் அப்படியே இருந்தேன். முடி வெட்டப் போகிற நாளெல்லாம் ‘வீடு வந்து சேர்ந்துவிட்டீர்கள்’ என்று போன் பாராட்டும். “அங்கயே இருங்கோவன், சோத்தைக் குடுத்து விடுறன்” என்றாள் வசந்தி.

வழி சொல்லும் பெண்குரலோடும் எனக்குப் பிரச்சினை. அவர் வடமேற்காகப் போ என்பார். கொழும்பில் வடமேற்கை யார் கண்டார்கள்? நான் நடைபாதையில் நின்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நீலப் புள்ளியின் மூக்கு எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்ப்பேன். போகிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று ஒதுங்கிப் போவார்கள். பிழையாகத் திரும்பினால் அந்த அம்மா கோபிக்காமல் வேறு வழி தேடுவார். வசந்தி என்றால் மூன்று நாளைக்குச் சொல்லிக் காட்டுவாள். இதை நான் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதில் இருந்து அந்தக் குரலுக்கு வீட்டில் “உங்கட அவ” என்று பெயர் விழுந்தது.

ஒரு வருடத்தில் தேறிவிட்டேன். “மாத்தயா, லொகேஷன் ஏக எவன்ன” என்று ஓட்டோக்காரர் கேட்டால், இடத்தை அனுப்பச் சொல்கிறார் என்று விளங்கி, கண்ணாடியைக் கழற்றாமலே அனுப்புவேன். ஆட்களுக்குப் புத்தி சொல்லவும் தொடங்கினேன். அரைகுறையாகப் படித்தவனுக்கு வருகிற துணிச்சல் முழுவதும் எனக்கு வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. சொல்ல வேண்டிய வீடுகளை வசந்தி கொப்பியில் எழுதினாள். முதலாவது பெயரே குலம்.

“குலமண்ணை வீட்டை நீங்கள் நேர போய்ச் சொல்லாமல் நான் இந்தக் கலியாணத்தை நடத்த மாட்டன்” என்றாள். “தபால் கந்தோர்ப் பக்கம் கால் வச்சுப் பாருங்கோ.”

அந்த மில்லுக்கு மேலே வெவ்வேறு காலங்களில் இருந்த ஆட்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். குலமும் அதில் இருந்தான். நான் ஒன்று எழுதினால் அவன் எழுத மாட்டான், அவன் எழுதினால் நான் எழுத மாட்டேன். அவன் இலக்கம் அதில் இருந்து கிடைத்தது. குழுவில் இன்னொருவரிடம் சாடையாக விசாரித்ததில், குலம் அதே ஒழுங்கையில்தான், இப்போது புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறான் என்று தெரிந்தது. வீட்டு இலக்கத்தை அவருக்கும் சரியாக ஞாபகமில்லை. நேரே குலத்திடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு எடுக்கிற முதல் கோலில் “உன்ர வீடு எங்கை?” என்று கேட்பதா? பழைய காயத்தில் அதே கத்தியை வைக்கிற வேலை. அதோடு, என் கையில் வரைபடம் இருக்கிறதே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அட்டையும் ஒரு பெட்டி பலகாரமுமாகக் காலி வீதியில் இறங்கினேன். குழுக்காரர் சொன்ன ஒழுங்கைப் பெயரையும் அரைகுறை இலக்கத்தையும் வரைபடத்தில் அடித்தேன். ஊசி போய் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அலை அடிக்கிற கற்களுக்கு மேல் குத்தி நின்றது. குலம் என்னதான் கோபக்காரன் என்றாலும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டான். அப்போது ஒரு யோசனை வந்தது. வாட்ஸ்அப்பில் ஆட்கள் இருக்கிற இடத்தைப் பார்க்கலாம் என்று மகள் ஒருநாள் சொன்னது ஞாபகம். குலத்தின் பெயரைத் திறந்து, கிளிப் மாதிரி இருந்ததை அழுத்தி, ‘நேரடி இடம்’ என்றதை அழுத்தி, எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, கஞ்சத்தனம் எதற்கு என்று எட்டு மணித்தியாலத்தை அழுத்தினேன். வரைபடம் வந்தது. அதில் என் புள்ளிதான் தெரிந்தது, அவனுடையதைக் காணவில்லை. மறைத்து வைத்திருக்கிறான், இன்னும் கோபம்தான் என்று நினைத்துப் போனைப் பையில் போட்டேன்.

உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் அந்த நூல் பந்து. “கடைசி மட்டும் வா, கடல் மணக்கும்” என்ற அவனுடைய பழைய வாக்கியம் என் தலைக்குள் அப்படியே இருந்தது. ஊசியும் கடல் பக்கமே காட்டியது. அதனால் கடல் முனையில் மட்டும் தேடினேன். முந்திய காலத்தில் ரயில் வேலியோடு முடிந்த ஒழுங்கைகள் இப்போது கரையோர வீதிக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. கறுத்தக் கேற்றுகள் போய் இழுக்கிற கேற்றுகள் வந்திருந்தன. மதில் இருந்த இடமெல்லாம் ஏழு மாடி, ஒன்பது மாடி. முந்தித் தட்டிய கேற் ஒன்றில் யன்னலைத் திறந்து இல்லை என்று சொல்லவாவது ஒரு முகம் இருந்தது. இப்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாளி. குலசிங்கம் என்று கேட்டால் “பிளட் நம்பர் கீயத?” என்று வீட்டு இலக்கத்தைத் திருப்பிக் கேட்டார். அவர்களுக்குப் பெயர்கள் தெரியாது, இலக்கங்கள்தான் தெரியும்.

இது சரியான ஒழுங்கைதானா என்ற சந்தேகம் வந்து பக்கத்து ஒழுங்கைக்குப் போனேன். அதுவும் சரியான ஒழுங்கை மாதிரியே இருந்தது. திரும்பி வந்தேன். போனில் “உங்கட அவ” இடதுபுறம் திரும்பச் சொன்னார், அங்கே ஒரு மதில். வெயில் ஏறிவிட்டது. ஒரு கடையில் வடையும் பிளேன் ரீயும் எடுத்து, சாப்பிட்டு முடிந்த பிறகும் விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்தேன். மறுபடியும் இறங்கினேன், ஏறினேன். பலகாரப் பெட்டியின் அடி எண்ணெய் விட்டு ஈரமாகிவிட்டது. பன்னிரண்டேகாலுக்கு ஒழுங்கை முகப்பில், காலி வீதியோரம் வந்து நின்றேன்.

இனி சொல்வதை அன்று நான் எவருக்கும் சொல்லவில்லை, வசந்திக்குக்கூட. அந்த இடத்தில் நான் தேடுவதை விட்டுவிட்டேன். போதும், பிறகு பார்ப்போம் என்று நினைத்து ஒரு ஓட்டோவை மறித்து, “கொட்டஹேன” என்று கொட்டாஞ்சேனையைச் சிங்களத்தில் சொல்லி, ஒரு காலை உள்ளே வைத்தேன். அப்போது போன் அடித்தது. திரையில் குலம்.

“டேய்” என்றது குரல். இருபத்தேழு வருடத்தில் அந்த “டேய்” கொஞ்சம் கரகரத்திருந்தது. “நிமிந்து பார்.”

நிமிர்ந்து பார்த்தேன். ஒழுங்கை முகப்பிலிருந்து நாலாவது கட்டடம். மூன்றாம் மாடிப் பல்கனியில், சாரமும் பெனியனுமாக, தலை முழுக்க நரைத்து, குலம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கட்டடம் கடலில் இருந்து எவ்வளவு தூரம் இருக்கலாமோ அவ்வளவு தூரத்தில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கையை ஆட்டி ஓட்டோவைப் போகச் சொன்னேன்.

“மூண்டு தரம் என்ர கேற்றடியால போயிட்டாய்” என்றான் கதவைத் திறந்தபடி. “வடைக்கடையில இருவது நிமிசம் இருந்தனீ.”

“உனக்கு என்னெண்டு தெரியும்?”

“நீதானேடா அனுப்பினனீ! எட்டு மணித்தியாலத்துக்கு!” போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அதில் நான் அவனுடைய வீட்டுக்குள் நீலமாகத் துடித்துக்கொண்டிருந்தேன்.

அவன் மனைவி தேவி தேத்தண்ணியோடு வந்தாள். “பத்து மணியில இருந்து ரெண்டு பேரும் கிரிக்கெட் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள் அண்ணை. முதல்ல இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நீங்கள் மூண்டாந்தரம் கடலடிக்குப் போனாப் பிறகு சிரிக்கேல்லை.”

குலம் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். “அண்டைக்கும் இப்பிடித்தான் தேடினனியோ?”

“ஒன்பது கறுத்தக் கேற். நாலைத் தட்டினனான். செருப்பும் அறுந்தது.”

“நான் நம்பேல்லை மச்சான். வெளிநாட்டுக்குக் கப்பல் அனுப்புறவன் ஒரு ஒழுங்கையைக் கண்டுபிடிக்க மாட்டானோ எண்டு... உண்மையிலயே உனக்கு வழி தெரியாது எண்டு இண்டைக்குத்தான் கண்ணால கண்டனான்.” மூக்கை உறிஞ்சினான். “நாலாந்தரமும் இறங்கப் போறாய் எண்டு தெரிஞ்சாப் பிறகு மனம் கேக்கேல்லை. கோல் எடுத்தனான்.”

நாலாம் தரம். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஓட்டோவைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துக் கலியாணம் சொன்னேன். அட்டையைக் கையில் கொடுத்தேன். எண்ணெய் விட்ட பலகாரத்தை மூன்று பேருமாக அங்கேயே சாப்பிட்டோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது, முறுக்கில் உறைப்பு என்று சொன்னேன். அது இனிப்புச் சீடை.

மகளின் கலியாணத்தன்று மண்டப வாசலில் குலம் பன்னீர்ச் செம்போடு நின்றான். இரண்டு மணித்தியாலம் நின்றபடிதான், கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஓய்வுபெற்ற என் பழைய மனேச்சர் தடியூன்றி வந்தபோது கண்ணுக்குள்ளேதான் தெளித்தான். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வெள்ளவத்தைக்குப் போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் புறப்படும்போது எட்டு மணித்தியாலத்துக்கு என் நீலப் புள்ளியை அவனுக்கு அனுப்புவேன். தேவையில்லைதான், வழி பழகிவிட்டது. அவனுக்குப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு பிரியம். “கொள்ளுப்பிட்டியில நிக்கிறாய், நெரிசலோ?” என்று கோல் வரும். எங்கே இருக்கிறேன் என்று எவருக்கும் தெரியக் கூடாதென்று வாழ்ந்த இரண்டு பேர் நாங்கள்.

பிறகு மகன் கூப்பிட்டான் என்று குலமும் தேவியும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். வீட்டை விற்றாகிவிட்டது. அங்கே அவன் இருக்கிற தெருவைக்கூட போனில் பார்த்திருக்கிறேன். வீடுகள் எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள். என்னைக் கொண்டுபோய் விட்டால் மூன்று நாளைக்கு அலைவேன்.

சரி, சென்ற கிழமைக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமையின் சிக்கலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில் கோடு ஒழுங்கை முகப்புக்கு வருகிறது. அங்கே நாலு நிமிடம் நிற்கிறது. தெரிந்தவனுக்குத்தான் அந்த நாலு நிமிடம் என்னவென்று தெரியும். அழித்துவிட்டால் எனக்கும் அந்த ஓட்டோக்காரருக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாகப் போய்விடும். அவருக்கு ஞாபகம் இருக்காது.

படம் எடுத்துக் குலத்துக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘மச்சான், நான் நாலாந்தரம் இறங்க வரேல்லை. விட்டிட்டுப் போகத்தான் நிண்டனான். ஓட்டோவுக்குள்ள கால் வச்சிட்டன். இவ்வளவு நாளும் சொல்லேல்லை.’

அங்கே அவனுக்கு நித்திரை நேரம். அடுத்த நாள் காலையில், சலூனில், அதாவது போனின் பழைய கணக்கில் என் வீட்டில், காத்திருந்தபோது குரல் பதிவு ஒன்று வந்தது. நன்றாக இருமிவிட்டுத் தொடங்கினான்.

“தெரியுமடா. ஒரு கால் ஓட்டோவுக்கை, ஒரு கால் றோட்டில. பல்கனியில நிண்டு பாத்திட்டுத்தான் கோல் எடுத்தனான். விட்டிருந்தால் திங்கக்கிழமை அட்டையைத் தபாலில போட்டிருப்பாய். முதல் தரமும் நீ திரும்பிப் போனதைப் பாத்திருந்தால் ஓடி வந்து மறிச்சிருப்பன் மச்சான். அந்த வீட்டில பல்கனி இல்லை.”

மூன்று தரம் கேட்டேன். முடி வெட்டுகிறவர் கூப்பிட்டதும் கேட்கவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிற கடை. தெருவில் எவருக்கும் தும்மல் வருவதில்லை. வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கைக்கு வருகிறவர்கள் எல்லாரும் போனைப் பார்த்தபடி நேரே போய், சரியான வாசலில் நிற்கிறார்கள். போன சனிக்கிழமை நானும் போய் ஒழுங்கை முகப்பில் நின்று பார்த்தேன். மூன்றாம் மாடிப் பல்கனியில் யாருடையவோ துவாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. பழக்க தோசத்தில் புறப்படும்போதே குலத்துக்கு எட்டு மணித்தியாலம் அனுப்பியிருந்தேன். போன் அடிக்குமென்று கொஞ்ச நேரம் நிமிர்ந்தபடி நின்றேன்.